வாத்தியாரம்மாவைக் கேளுங்க: புல்லுக்கு ஏது கால்?

தை பிறந்தால் மேய்ச்சல் காட்டில் புல் முற்றி விதை உதிரும். கூடவே எனக்கு வரும் கடிதங்களும் விதையைப் பற்றியே இருக்கும். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். பாம்புக்கடிக்கு மூலிகை கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்க வேண்டும். அதற்குள் பாம்பு கடித்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) ஊசிப்புல் மண்டிக்கிடக்கிறது. விதை ஆட்டின் தோலுக்குள் ஏறிப் புண்ணாகிறது. ஒருதரம் காட்டைக் கொளுத்திவிட்டால் ஒழியுமா?
(ஆடு வளர்ப்பவர், வெள்ளகோவில்)

கொளுத்தாதீங்க தம்பி. கொளுத்தினால் அடுத்த வருசம் இன்னும் ஜோராக வரும். ஏனென்று தெரிய வேண்டுமானால் ஒரு விதையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்.

நெல்லைவிட மெலிந்த உடம்பு. அடிமுனை ஊசிக் கூர்மை. அந்த முனையைச் சுற்றிச் செம்பட்டை மயிர், அத்தனையும் மேல்பக்கமாகச் சாய்ந்திருக்கும். தலைப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கறுத்த வால். வாலின் கீழ்ப்பாதி திரித்த கயிறு மாதிரி முறுக்கேறியிருக்கும். நடுவில் ஒரு மடிப்பு. அதற்கு மேலே முறுக்கில்லாத மெல்லிய நீட்டம். இப்போது அந்த முறுக்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் முறுக்கு தானாக அவிழ ஆரம்பிக்கும். அவிழ அவிழ மேல்நீட்டம் உங்கள் கையில் வட்டம் போடும். வெயிலில் காட்டுங்கள், எதிர்ப்பக்கமாகச் சுற்றி மறுபடி முறுக்கிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் இதைக் காட்டும்போது பிள்ளைகள் "டீச்சர், பூச்சி!" என்று கையை உதறுவார்கள்.

அது செத்த திசு. உயிரோடு சம்பந்தமே இல்லை. வாலில் உள்ள செல்களின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் சாய்வாகச் சுற்றிக்கிடக்கின்றன. காய்ந்தால் ஒவ்வொரு செல்லும் தன்னளவில் முறுக்கிக்கொள்ளும், ஈரம் பட்டால் அவிழும். சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின் 1876-லேயே, இப்படி வால் உள்ள ஓர் ஐரோப்பியப் புல்லை வைத்து இதை விளக்கி எழுதியிருக்கிறார்.

விதை தரையில் விழுந்ததும் வாலின் நுனி பக்கத்துப் புல்லிலோ சருகிலோ மாட்டிக்கொள்கிறது. வால் சுற்ற வழியில்லாதபோது விதை சுற்ற வேண்டியதுதானே? ராத்திரி பனியில் அவிழும்போது கொஞ்சம் திருகி இறங்கும். பகல் வெயிலில் முறுக்கும்போது இன்னும் கொஞ்சம். மேலே வரவிடாமல் அந்தச் சாய்ந்த மயிர் தடுக்கும். மண்ணுக்குப் பதிலாக ஆட்டுத்தோல் அகப்பட்டாலும் இதே வேலைதான். குரும்பை ஆடு மாதிரி மயிர் அடர்ந்த ஆடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் கடலோரப் பக்கம் ஆட்டை விட்டுவிட்டு மாட்டுக்கு மாறியதற்கு ஊசிப்புல்லும் ஒரு காரணம்.

தீக்கு வருவோம். நெருப்பு மேலாக ஓடும்போது ஊசிப்புல் விதை மண்ணுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கருகுவது தரைமேல் கிடக்கும் மற்ற விதைகளும், வெள்வேலங்கன்றும், தலைமுறையாக வளர்த்த கிளுவை வேலியும். குயின்ஸ்லாந்தில் மாட்டுக்காக ஊசிப்புல் நிறைய வேண்டும் என்கிறவர்கள்தான் காட்டுக்குத் தீ வைக்கிறார்கள்!

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. புல் இளசாக இருக்கும்போது மாட்டை விட்டு ஒட்டக் கடிக்க விடுங்கள். அப்போது அது நல்ல தீவனம். வால் கறுக்கத் தொடங்கியதும் ஆட்டை அடுத்த அடைப்புக்கு ஓட்டிவிடுங்கள். முற்றிய வால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு செடித் தலையிலேயே கொத்தாக நிற்கும். உதிர்வதற்குள் அந்தக் கொத்தை மட்டும் கொய்து சாக்கில் போட்டால் வருசத்துக்கு வருசம் குறையும். சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது ஆட்டின் கண்ணோரம், வாயோரம், குளம்பிடுக்கு மூன்றையும் தடவிப் பாருங்கள்.

பட்டாசுக்காயை எச்சில் தொட்டால் வெடிக்கிறதே, எச்சிலில் என்ன இருக்கிறது?
(ஏழாம் வகுப்பு மாணவி, தாம்பரம்)

எச்சிலில் ஒன்றும் இல்லை கண்ணு, தண்ணீர்தான். அடுத்த தடவை குழாய்த் தண்ணீரில் போட்டுப் பார், அதே சத்தம் கேட்கும். வாயில் வைக்காதே.

காய்ந்த காயின் இரண்டு ஓடுகளும் வெளிப்பக்கமாக வளைந்து பிரிவதற்குத் துடித்துக்கொண்டிருக்கின்றன. நுனியில் ஒரு பசை அவற்றை இழுத்துப் பிடித்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் அந்தப் பிடி தளர்கிறது, காய் நெடுகப் பிளக்கிறது. வெடித்த ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் பார். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் கொக்கிகள் தெரியும். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு விதை உட்கார்ந்திருந்தது. அந்தக் கொக்கிதான் விதையைத் தூக்கி எறிகிறது.

இதன் நெருங்கிய சொந்தக்காரச் செடி ஒன்றைக் கலிபோர்னியாவில் பொமோனா கல்லூரிக்காரர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2018-ல் வெளியிட்டார்கள். வட்டத் தட்டுப்போல இருக்கும் அதன் விதை நொடிக்கு 1,600 சுற்றுக்கும் மேல் சுழல்கிறது! அப்படிச் சுழல்வதால் விதை குப்புற விழாமல், விளிம்பு முன்னால் நிற்கக் காற்றைக் கிழித்துக்கொண்டு 7 மீட்டர் வரை போகிறது. சுழலாவிட்டால் காற்றே அதைப் பாதி வழியில் நிறுத்திவிடும்.

மழை வந்தால் வெடிப்பதில் செடிக்கு லாபம் உண்டு. விதை விழும் நேரம் தரை ஈரமாக இருக்கிறது. நனைந்த விதையும் வழவழவென்று பசையாகி விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. உன் பாட்டி வீட்டில் கனகாம்பரம் இருந்தால் அதன் காய்ந்த காயையும் தண்ணீரில் போட்டுப் பார், அதுவும் வெடிக்கும். பட்டாசுக்காய், கனகாம்பரம், மலைமேல் பூக்கும் நீலக்குறிஞ்சி எல்லாம் ஒரே குடும்பம். மூணாறுப் புல்வெளியில் 2018-ல் பூத்த குறிஞ்சி இனி 2030-ல்தான் பூக்கும். அதன் விதைக்கும் பஞ்சு கிடையாது, சிறகு கிடையாது. காய் வெடித்து எட்டுகிற தூரம்தான் பயணம். தாய்ச்செடி பூத்துக் காய்த்ததும் செத்துப்போவதால் பிள்ளைக்குத் தாய் இருந்த இடமே காலியாகிவிடுகிறது. ரொம்ப தூரம் போக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

புல்வெளிச் செடிகள் பரவுவதற்குக் காற்றுதானே முக்கியக் காரணம்? போட்டித் தேர்வுப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
(வாசகர், பழனி)

தேர்வில் அப்படியே எழுதி மார்க் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

தாத்தாப்பூ என்று பிள்ளைகள் ஊதி விளையாடும் வெட்டுக்காயப்பூண்டை எடுத்துக்கொள்வோம். விதையின் தலையில் இறகு இறகாக மயிர் இருக்கிறது, காற்றில் மிதக்கிறது, எல்லாம் உண்மைதான். ஐரோப்பியப் புல்வெளிகளில் இதே மாதிரி பறக்கும் டான்டேலியன் விதையை எடின்பரோ பல்கலைக்கழகத்தார் காற்றுக் குழாயில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். மயிர்களுக்கு இடையே புகுந்து போகும் காற்று, குடைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளையமாகச் சுழன்று நின்று, விதையைச் சட்டென்று விழவிடாமல் இழுத்துப் பிடிக்கிறதாம். அதுவும் 2018-ல் வந்த ஆய்வுதான். அழகான சங்கதி, மறுக்கவில்லை.

ஆனால் பறக்கும் விதையிலும் பெரும்பகுதி தாய்ச்செடிக்குச் சில அடி தூரத்திலேயே விழுகிறது. நல்ல சூடான மதிய நேரத்தில் மேலெழும் காற்றில் மாட்டிய ஒன்றிரண்டுதான் ஊர் தாண்டும். வெட்டுக்காயப்பூண்டின் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம். அங்கிருந்து பசிபிக் கடலைக் காற்றில் தாண்டியா பழனிக்கு வந்தது? மனுசன் மூட்டை முடிச்சோடுதான் வந்திருக்கும். பார்த்தீனியத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பார்கள். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டது, இன்றைக்கு அது இல்லாத புறம்போக்கு இருக்கிறதா? லாரி, ரயில், மண் அள்ளும் டிராக்டர், எருக் குப்பை எல்லாம் சேர்ந்துதான் அதைச் சுமந்தன. காற்றுக்குக் கிடைக்கும் பேரில் பாதி ஆட்டுக்கும் லாரிக்கும் போக வேண்டும் என்பது என் கட்சி.

நெருஞ்சி முள்ளால் சைக்கிள் மாதம் இருமுறை பஞ்சர். இந்த முள்ளால் செடிக்கு என்ன பிரயோசனம்?
(தபால்காரர், மூலனூர்)

உங்கள் டயர்தான் பிரயோசனம். நெருஞ்சிக்காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், இரண்டு சின்ன முள். எப்படிப் போட்டாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்க்கும். மாட்டுக் குளம்புக்கும் மனுசன் காலுக்கும் என்று வந்த ஏற்பாடு, ரப்பருக்கும் பொருந்திவிட்டது. பிடுங்கிய முள்ளைப் பாதையோரம் வீசாதீர்கள், உள்ளே விதை இருக்கிறது.

நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஸ்வேபிய மலைமேட்டில் ஆட்டு மந்தைகள் ஊர் ஊராகப் போகின்றன. புல்வெளிப் பூச்செடிகளைக் காப்பாற்றுவதற்காக மேய்ப்பவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது என்கிறார்கள். ஆடு பூவைத் தின்னத்தானே செய்யும்?
(வாசகி, ஸ்டுட்கார்ட், ஜெர்மனி)

அம்மணி, நல்ல இடத்தில் இருந்துகொண்டு நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். தின்னும், ஆனால் சுமக்கவும் செய்யும்.

நீங்கள் சொல்லும் அதே மலைமேட்டுச் சுண்ணாம்புப் புல்வெளிகளில் ஜெர்மன் ஆய்வாளர்கள் நன்றாகப் பழகிய ஓர் ஆட்டை மந்தையோடு விட்டு, அவ்வப்போது பிடித்து நிறுத்தி, மயிரை விலக்கி விலக்கி விதை பொறுக்கினார்கள். 1996-ல் வெளியான கணக்குப்படி அந்த ஒற்றை ஆட்டில் அகப்பட்டவை 85 வகைச் செடிகளின் 8,500-க்கும் அதிகமான விதைகள். கொக்கியும் முள்ளும் உள்ளவை மட்டும் அல்ல, வழவழப்பான விதைகளும் அதில் இருந்தன. குளம்பிடுக்கில் அப்பிய சேற்றில் இன்னும் கொஞ்சம் போகும். மந்தையில் நூற்றுக்கணக்கான ஆடுகள். இந்த மேட்டில் மேய்ந்து அந்த மேட்டுக்குப் போய்ப் படுத்தால் விதையும் கூடவே போய் இறங்குகிறது. மேய்ப்பர் இல்லாமல் போனால் இரண்டு மேடுகளுக்கும் நடுவே வண்டி நின்றுபோகும். மேய்ச்சல் நின்ற இடத்தில் புதரும் மரமும் ஏறிப் பூச்செடியை நிழலில் போட்டு மூடிவிடும். பணம் கொடுப்பது அதற்காகத்தான்.

வயிற்று வழியும் ஒன்று உண்டு. மாமரம் பழத்தைக் காட்டி விலங்கைக் கூப்பிடுகிறது. புல்லுக்கும் பூண்டுக்கும் காட்டுவதற்குப் பழம் ஏது? டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1984-ல் ஒரு யோசனை சொன்னார்: சின்ன விதைச் செடிகளுக்கு இலையே பழம். மாடு இலைக்கு ஆசைப்பட்டு ஒரு வாய் கடிக்கும்போது, நுனியில் இருக்கும் பொடி விதையும் சேர்ந்து உள்ளே போகிறது. பல்லுக்குத் தப்பிய அளவுக்குச் சின்னது, செரிக்காத அளவுக்குக் கெட்டியானது. சாணியோடு வேறொரு இடத்தில், எருவும் ஈரமும் கூடவே கிடைக்க வந்து விழுகிறது. புல் தன்னைத் தின்னக் கொடுப்பதில் இப்படியொரு கணக்கு இருக்கிறது என்று படித்தபோது, மேய்கிற மாட்டைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிப்போனது.

எங்கள் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டுக்காரர்களுக்கு இது ஜான்சன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொறங்காடு என்பது கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. கீழே கொழுக்கட்டைப் புல், மேலே அங்கங்கே வெள்வேல மரம். வெயில் காலத்தில் புல் காய்ந்துபோனால் வெள்வேலங்காயை உலுக்கி ஆட்டுக்குப் போடுவார்கள். என் அப்பாரு புது அடைப்பில் மரம் வேண்டுமென்றால் விதை தேடிப் போகமாட்டார். காய் தின்ற ஆட்டைக் கொண்டுபோய் அங்கே படுக்கப் போடுவார். ஓடு கெட்டியான விதை ஆட்டின் வயிற்றில் ஊறி வந்தால் நேராக விதைத்ததைவிட நன்றாக முளைக்கும். கருவேலத்துக்கு நாற்று விடுகிறவர்கள் ஆட்டுப்பட்டியில் விதை பொறுக்குவதும் இதற்காகத்தான்.

இதே வழியில்தான் சீமைக்கருவேலமும் காட்டைப் பிடித்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அதன் காய் இனிப்பு, ஆடு மாடு விடாது. விதை சேதமில்லாமல் சாணியில் இறங்கும். சீமைக்கருவேலங்காய் தின்ற ஆட்டைச் சுத்தமான காட்டுக்குள் ஓட்டுவதற்கு முன்னால் நாலைந்து நாள் பட்டியிலேயே வைத்துத் தீவனம் போடுங்கள். அந்தச் சாணியையும் மக்கவைக்காமல் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். எருவுக்காக மந்தையை ராத்திரி தங்கவைத்த, அதாவது கிடை போட்ட வயலில் புதுக் களை வருகிறது என்று தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் ஊர் ஊராக ஆடு ஓட்டிவரும் ராமநாதபுரத்துக் கீதாரிகளைக் குறை சொல்வார்கள். களை வருவது உண்மைதான். எருவுக்காகக் கூப்பிட்ட மந்தை எந்தக் காட்டில் மேய்ந்துவிட்டு வந்தது என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது கூப்பிட்டவர் பொறுப்பு.

வாக்கிங் போய் வந்தால் வேட்டி, காலுறை எல்லாம் நாயுருவி. ஒரு விசயம் கவனித்தேன்: செடியைக் கீழ்நோக்கித் தடவினால் கையில் ஒட்டுவதில்லை, மேல்நோக்கித் தடவினால் குத்துகிறது. ஏன்?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை)

இப்படிக் கவனிக்கிறவர்கள் நாலு பேர் இருந்தால் இந்தப் பக்கத்தை நடத்துவதே சுகம். நாயுருவியின் பூ மலரும்போது தண்டிலிருந்து வெளிப்பக்கமாக நிற்கும், முள் தொந்தரவு தெரியாது. விதை முற்ற முற்ற ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி மடிந்து தண்டோடு படுத்துக்கொள்ளும். கூர்நுனி தரையைப் பார்க்கும். அதனால்தான் கை கீழே இறங்கும்போது வழுக்குகிறது, மேலே ஏறும்போது நுனி எதிர்ப்படுகிறது. ஒரே கதிரில் உச்சியில் பூவும் அடியில் முற்றிய காயும் இருப்பதால் இரண்டு நிலையையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். வேட்டியில் ஒட்டியதை வீட்டு வாசலில் உட்கார்ந்து பிடுங்கிப் போட்டீர்களானால் அடுத்த மழைக்கு வாசலில் நாயுருவி நிற்கும். பல் துலக்க வேரும் வீட்டிலேயே கிடைக்கும், உங்கள் இஷ்டம்.

கொழுக்கட்டைப் புல் விதை வாங்கி ஐப்பசி மழைக்கு விதைத்தேன். நூற்றுக்குப் பத்துகூட முளைக்கவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
(வாசகர், கரூர்)

விற்றவரைத் திட்டுவதற்கு முன் விதை எப்போது அறுத்தது என்று கேளுங்கள். கொழுக்கட்டைப் புல் புது விதைக்கு உறக்கம் உண்டு. அறுத்த சூட்டோடு போட்டால் சரியாக முளைக்காது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருசம் வரை காய்ந்த இடத்தில் சாக்கில் கட்டி வைத்திருந்து போட வேண்டும். காட்டில் அதுவாக உதிரும் விதையும் அப்படித்தான். உதிர்ந்த உடனே ஒரு கோடைத் தூறலை நம்பி முளைத்தால் அடுத்த வாரமே கருகிவிடும், அதனால் அடுத்த பருவம் வரை தூங்குகிறது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். இந்த விதை தனி மணியாக இருக்காது. சுற்றிலும் சுணை வைத்த ஒரு பஞ்சு உருண்டைக்குள் இருக்கும். காற்றில் உருள்வதற்கும் ஆட்டு மயிரில் ஒட்டுவதற்கும் அந்தச் சுணை தோது. கையால் வீசி விதைக்கத்தான் தோதில்லை. ஒன்றோடொன்று சிக்கி ஒரே இடத்தில் கட்டியாக விழும், மண்ணைத் தொடாமல் மேலேயே நிற்கும், மிச்சத்தை எறும்பு கொண்டுபோய்விடும். ஈரச் செம்மண்ணோ சாணிப்பாலோ விட்டுப் பிசறி, நிழலில் உலர்த்தி, உதிர்த்து, மணலோடு கலந்து வீசுங்கள். ஆழம் அரை அங்குலத்துக்கும் குறைவு போதும். விதைத்ததும் முள்ளுக்கிளையை இழுத்துவிடலாம். ஆடு இருந்தால் ஒருநடை அதன் மேல் ஓட்டிவிடுங்கள், மிதிபட்டு மண்ணில் உட்காரும். மிச்சம் இருக்கிற விதையைக் கொட்டிவிடாதீர்கள், வருகிற ஆடிப் பருவ மழைக்கு அதையே போட்டுப் பாருங்கள். அப்போதும் முளைக்காவிட்டால் விற்றவரிடம் போகலாம்.